காந்த மணியின் மேல் என்ன பூசியிருக்கிறது? ரத்தப் பரிசோதனைகளின் மேற்பரப்பு வேதியியல்

பெங்களூருவில் எந்த லேபில் தைராய்டுக்கு ரத்தம் கொடுத்தாலும், ரிப்போர்ட்டில் முடிவுக்கு அருகே பொடி எழுத்தில் 'சிஎல்ஐஏ', 'ஈசிஎல்ஐஏ', 'சிஎம்ஐஏ' என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) எவ்வளவு, நார்மலுக்குள் இருக்கிறதா என்பதோடு நம் பார்வை நின்றுவிடும். அந்தப் பொடி எழுத்து, அளந்த முறையின் பெயர். மூன்று பெயர்களுக்கும் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரே பொருள்தான்: கண்ணுக்குத் தெரியாத காந்த மணிகள்.

இந்த ஊரின் ஆய்வகங்களையும் ஸ்டார்ட்அப்களையும் பற்றிய செய்திகளில் 'காந்த நானோதுகள் பயோசென்சர்' என்ற சொல் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. 'ஒரு சொட்டு ரத்தம் போதும்' என்ற வாக்கியமும் கூடவே வரும். ரத்தத்தில் காந்தத்துக்கு என்ன வேலை என்று சிலருக்குச் சந்தேகம். லேபில் ஏற்கெனவே காந்த மணி இருக்கிறது என்றால் இதில் புதிதாக என்ன என்று வேறு சிலருக்கு.

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. காந்தம் இதில் எளிய பகுதி; ஏறக்குறைய தீர்ந்துவிட்ட பிரச்சினை. துகளின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் பூசப்படும் தோல்தான் ஒரு பயோசென்சரைத் தேற்றுவதும் கவிழ்ப்பதும்.

500 கோடியில் ஒன்று

பயோசென்சருக்கு இரண்டு வேலை. உடலில் உள்ள ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை அடையாளம் காண வேண்டும்; கண்டதை அளக்கக்கூடிய சமிக்ஞையாக மாற்ற வேண்டும். 1962இல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க், குளுக்கோஸைச் சிதைக்கும் நொதியை மின்முனையின் மேல் வைத்துக் காட்டிய அமைப்பிலிருந்து இந்தத் துறை கிளைத்தது. இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் சுகர் மெஷின் அதன் பேரப்பிள்ளை.

சுகர் மெஷின் இவ்வளவு சின்னதாக, மலிவாக இருக்க ஒரு காரணம் உண்டு. குளுக்கோஸ் ரத்தத்தில் ஏராளமாக இருக்கிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம். தேட வேண்டியதில்லை, அளந்தால் போதும்.

மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் அப்படியல்ல. பரவலாகப் பயன்படும் உயர் உணர்திறன் ட்ரோபோனின்-டி பரிசோதனையில் நலமானவருக்கான மேல் வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம். அதே ஒரு லிட்டர் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) மற்ற புரதங்கள் சுமார் 70 கிராம் இருக்கும். வகுத்துப் பார்த்தால், எடைக் கணக்கில் 500 கோடியில் ஒரு பங்கு. யஷ்வந்த்பூர் மண்டியில் 100 டன் அரிசியைக் கொட்டி, அதில் ஒரே ஒரு மணி அரிசி மட்டும் வேறு ரகம், அதை எடு என்று சொன்னால் எப்படியோ அப்படி.

ஆகவே இங்கே அளப்பதற்கு முன்னால் பிரித்தெடுக்க வேண்டும். காந்தம் நுழைவது இந்த இடத்தில்தான்.

ஏன் காந்தம்?

1. ரத்தத்துக்குக் காந்தப் பின்னணி கிட்டத்தட்ட இல்லை. ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே என்று கேட்கலாம். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, மேக்னடைட் (ஒரு வகை இரும்பு ஆக்சைடு) போலக் காந்தத்தோடு ஒட்டுவதில்லை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் மிக மெல்ல விலக்கவே செய்கிறது என்று லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936இலேயே காட்டினார்கள். (காந்தக் கைவளை போட்டால் ரத்த ஓட்டம் சீராகும் என்று விற்பவர்களுக்கு இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.) நிறமும் ஒளிர்வும் ரத்தத்திலேயே இயல்பாக உண்டு, காந்தம் இல்லை. நாம் போட்ட துகள் மட்டுமே காந்தத்துக்குக் கட்டுப்படும்.

2. இழுத்துப் பிடித்துக் கழுவலாம். குழாயின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால் மணிகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வேண்டாத திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சுத்தமான பஃபர் (பிஹெச் மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) ஊற்றலாம். காந்தத்தை விலக்கினால் மணிகள் மறுபடி கலையும். வடிகட்டியும் வேண்டாம், சுழற்றும் சென்ட்ரிஃபியூஜும் வேண்டாம்.

3. நேரம் மிச்சம். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. எலைசா என்ற பழைய பரிசோதனை முறையில், குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடி, பரிசோதனைத் தட்டில் உள்ள குழியின் அடித்தளத்திலும் சுவரிலும் ஒட்டியிருக்கும். திரவத்தில் மிதக்கும் மூலக்கூறு தானாக விரவிப் போய் அங்கே சேர வேண்டும். ஆன்டிபாடி அளவுள்ள ஒரு புரதம் நீரில் 1 மில்லிமீட்டர் தூரத்தை விரவல் மூலம் மட்டும் கடக்க 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 மைக்ரோமீட்டர் என்றால் ஒன்றிரண்டு விநாடி. தூரம் 100 மடங்கு குறைந்தால் நேரம் 10,000 மடங்கு குறைகிறது. ஒரு மில்லிலிட்டரில் 10 கோடி மணிகளைத் தூவினால் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடைவெளி ஏறக்குறைய 20 மைக்ரோமீட்டர். இரை, அதாவது நாம் தேடும் மூலக்கூறு, மணியைத் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கே இருந்தாலும் பக்கத்திலேயே ஒரு மணி இருக்கும். எலைசா மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் வேலையை, காந்த மணி வைத்த தானியங்கிக் கருவிகள் 18 நிமிடத்திலும், அவசரச் சிகிச்சைக்கான வகைகள் 9 நிமிடத்திலும் முடிப்பது இதனால்தான்.

4. உப்பு தொந்தரவு செய்யாது. மின்னேற்றத்தை நேரடியாக உணரும் டிரான்சிஸ்டர் வகை சென்சர்களுக்கு ரத்தத்தின் உப்பு பெரிய எதிரி. கரைசலில் உள்ள அயனிகள் மின்னேற்றத்தைச் சூழ்ந்து மறைத்துவிடும். ரத்தத்தின் உப்பளவில் 1 நானோமீட்டருக்கும் குறைவான தூரத்திலேயே அதன் தாக்கம் தேய்ந்துவிடுகிறது. ஆன்டிபாடியின் அளவோ 10 நானோமீட்டருக்கு மேல். காந்தப் புலத்தை உப்பு மறைப்பதில்லை.

இழுத்தால் வரவேண்டும், விட்டால் பிரியவேண்டும்

சாதாரண இரும்புத்தூளைப் பயன்படுத்த முடியாது. ஒருமுறை காந்தத்தைக் காட்டினால் தூளே சின்னச் சின்னக் காந்தமாகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு கழுவினாலும் பிரியாது. கட்டிக்குள் சிக்கிய அழுக்கும் போகாது.

இதற்குத் தீர்வு அளவில் இருக்கிறது. மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் படிகத்தைச் சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே சிறிதாக்கினால், அறை வெப்பமே அதன் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கும். வெளியே காந்தம் இருக்கும்வரை எல்லாம் ஒரே திசையில் நின்று வலுவாக இழுபடும். காந்தத்தை எடுத்ததும் சராசரியில் காந்தத்தன்மை பூஜ்யம். இதற்கு சூப்பர்பாரா காந்தத்தன்மை என்று பெயர். இப்படிப்பட்ட படிகங்களைச் செய்வதும் கடினமில்லை. இரும்பின் இருவகை உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கலந்து அம்மோனியா ஊற்றினால் கறுப்பாக வீழ்படிவாகும். 1981இல் பிரான்ஸின் ரெனே மஸ்ஸார் விவரித்த இந்த வழி, கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடியது.

ஆனால் 10 நானோமீட்டர் படிகம் தனியாக இருந்தால் காந்தம் அதை இழுப்பது பெயரளவுக்குத்தான். இழுவிசை துகளின் கன அளவைப் பொறுத்தது, நீரின் தடை ஆரத்தைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்தால் நகரும் வேகம் ஆரத்தின் வர்க்கத்தைப் போல ஏறும். 10 நானோமீட்டர் துகள் 1 மைக்ரோமீட்டர் மணியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவாக நகரும். சின்னதாகவும் இருக்க வேண்டும், பெரிதாகவும் இருக்க வேண்டும் என்ற இந்த முரணை, ஆயிரக்கணக்கான நுண்படிகங்களை ஒரு பாலிமர் மணிக்குள் அடைத்துத் தீர்த்தார்கள். நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் ஜான் உகெல்ஸ்டாட் 1970களில் ஒரே அளவிலான பாலிஸ்டைரீன் மணிகளைச் செய்துகாட்டினார். அத்தனை சீரான மணிகளுக்கு எடையற்ற விண்வெளி வேண்டும் என்று கருதப்பட்ட காலம் அது. அந்த மணிகளுக்குள் இரும்பு ஆக்சைடை ஏற்றியதுதான் இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் கிடைக்கும் 'டைனாபீட்ஸ்'.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஐஐஎஸ்சியிலிருந்து (இந்திய அறிவியல் கழகம்) வரும் 'காந்த நானோ ரோபோ' செய்திகள் வேறு ரகம். அவை திருகு வடிவச் சிலிக்காத் துகள்கள். சுழலும் காந்தப் புலத்தில் திருகிக்கொண்டே முன்னேறும். பல்லின் நுண்குழாய்களுக்குள் அவற்றைச் செலுத்தி வெப்பத்தால் பாக்டீரியாவைக் கொல்லலாம் என்பது 2022இல் வெளியான ஆய்வு. அங்கே துகள் உடலுக்குள் போகிறது. நாம் பேசும் மணி குழாய்க்குள்ளேயே இருந்து குப்பைக்குப் போகிறது.

தோல்: நான்கு அடுக்கு வேலை

பூச்சில்லாத மேக்னடைட்டின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருக்கும். அமிலத்தில் அவை நேர்மின்னேற்றமும் காரத்தில் எதிர்மின்னேற்றமும் பெறும். இரண்டும் சமமாகி மின்னேற்றம் அற்றுப்போகும் இடம் பிஹெச் 7க்கு அருகில். ரத்தத்தின் பிஹெச் 7.4. அதாவது நமக்கு வேலை இருக்கும் இடத்தில்தான் துகள்களுக்கு ஒன்றையொன்று விலக்கும் சக்தி இருப்பதில்லை. திரண்டு கீழே உட்கார்ந்துவிடும். போதாததற்கு, காற்றுப் பட்டால் மேக்னடைட் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும். கசியும் இரும்பு அயனிகள், மரபணுப் பொருளைப் பெருக்கும் பிசிஆர் போன்ற வினைகளைக் கெடுக்கும். அதனால்தான் தோல். அதை நான்கு படியாகப் பார்க்கலாம்.

*1. கவசம்.* பாலிமர் அல்லது சிலிக்கா. சிலிக்காவுக்கு 1968இல் வெர்னர் ஸ்டோபர் குழு தந்த வழி இன்னும் நடைமுறையில் இருக்கிறது: எத்தனாலில் கொஞ்சம் நீரும் அம்மோனியாவும் சேர்த்து, சிலிக்கான் சேர்மம் ஒன்றை மெல்ல விட்டால் துகளைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஓடு வளரும். ஓடு தடித்தால் பாதுகாப்பு கூடும், காந்த இழுப்பு குறையும்.

*2. கைப்பிடி.* ஓட்டின் மேல் புரதத்தைப் பிணைக்க வினைச்செயல் தொகுதி (வேறொன்றோடு பிணையக்கூடிய அணுக்கூட்டம்) வேண்டும். அமீன் வேண்டுமென்றால் ஏப்டெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிலேன் சேர்மம். அதிகம் பயன்படுவது கார்பாக்சில். கார்பாக்சிலையும் ஆன்டிபாடியின் அமீனையும் சேர்த்துத் தைக்கும் வேதிப்பொருள் ஈடிசி. அதற்குத் துணை என்ஹெச்எஸ். ஈடிசி கார்பாக்சிலைத் தூண்டிவிட்டு உருவாக்கும் இடைநிலைப் பொருள் நீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். என்ஹெச்எஸ் அதைச் சற்றுப் பொறுமையான வடிவத்துக்கு மாற்றி, அமீன் வந்து சேரும்வரை காத்திருக்க வைக்கும்.

பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. ஆய்வகத்தில் பெரும்பாலான தோல்விகள் நடப்பது இங்கேதான், காரணங்கள் சில்லறையானவை. ஈடிசி ஈரத்தை உறிஞ்சும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த புட்டியை அறை வெப்பத்துக்கு வரும் முன்பே திறந்தால் உள்ளே பனி படிந்து, அடுத்த தடவைக்குள் வீரியம் குறைந்திருக்கும். பெங்களூரு மழைக்காலத்தில் இது இன்னும் விரைவு. டிரிஸ் அல்லது கிளைசின் உள்ள பஃபரில் வேலை செய்தால், அந்தப் பஃபரின் அமீன்களே கைப்பிடிகளை எல்லாம் பிடித்துக்கொள்ளும். வாங்கிய ஆன்டிபாடிப் புட்டியில் கெடாமல் இருக்க மாட்டு சீரம் ஆல்புமின் கலந்திருந்தால், மணியில் ஏறுவது பெரும்பாலும் ஆல்புமின். மூன்றிலும் மணியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காந்தத்துக்கு ஓடி வரும், கழுவினால் கலையும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும்; பிடிக்க வேண்டியதை மட்டும் பிடிக்காது.

*3. வேட்டை மூலக்கூறு.* ஆன்டிபாடி ஒய் வடிவம். இரையைப் பிடிப்பது மேலுள்ள இரண்டு கைகளின் நுனி. ஈடிசி பிணைக்கும் அமீன்கள் உடல் முழுக்கச் சிதறியிருப்பதால், சில ஆன்டிபாடிகள் தலைகீழாகவும் சில படுத்த நிலையிலும் ஒட்டிக்கொள்ளும். அவை இருந்தும் இல்லாததற்குச் சமம்.

ஒரு கணக்கு. 1 மைக்ரோமீட்டர் மணியின் மேற்பரப்பு சுமார் 30 லட்சம் சதுர நானோமீட்டர். ஓர் ஆன்டிபாடிக்கு 100 சதுர நானோமீட்டர் இடம் என்று வைத்தால் அதிகபட்சம் 30 ஆயிரம் ஏற்றலாம். அத்தனையையும் ஏற்றினால் நல்லதா? இல்லை. நெருக்கிக்கொண்டு நிற்கும்போது கைகளை விரிக்க இடமில்லாமல் பிடிப்பு குறைகிறது. குறைவாக ஏற்றினால் வெற்றிடத்தில் வேண்டாத புரதங்கள் குடியேறும். ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் ஏற்ற அடர்த்தியைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திசையைச் சரிசெய்ய, ஆன்டிபாடியின் அடித்தண்டை மட்டும் பிடிக்கும் புரோட்டீன் ஏ, புரோட்டீன் ஜி போன்றவற்றை முதலில் மணியில் பூசலாம். நோயாளியின் சீரத்தில் உள்ள ஆன்டிபாடிகளும் அதே இடத்தில் ஏறப் பார்க்கும் என்பது அதன் சிக்கல். தொழில்துறை பெரிதும் நம்புவது இன்னொரு ஜோடியை: ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம், பயோட்டின் என்ற பி வகை வைட்டமின். உயிரியலில் தெரிந்த மிக உறுதியான சகப்பிணைப்பற்ற பிடிப்புகளில் இது ஒன்று. ஒருமுறை சேர்ந்தால் பிரிவது அரிது. மணியில் ஸ்ட்ரெப்டாவிடினையும் ஆன்டிபாடியில் பயோட்டினையும் ஒட்டிவைத்தால், ஒரே வகை மணியை நூறு பரிசோதனைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். பெரிய வசதி. இதன் விலையைப் பிறகு பார்க்கலாம்.

*4. அடைப்பு.* மீதமிருக்கும் வெற்றிடத்தை ஆல்புமின், பால் புரதமான கேசீன், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்றவற்றால் நிரப்ப வேண்டும். ட்வீன்-20 என்ற சோப்பு வகையைக் கழுவும் பஃபரில் சேர்ப்பார்கள். இந்தப் படி பார்க்க வெறும் சம்பிரதாயம் போல இருக்கும். 500 கோடிக்கு ஒன்று என்ற விகிதத்தை நினைத்தால் அப்படித் தோன்றாது. மற்ற புரதங்களில் பத்து கோடியில் ஒரு பங்கு தவறாக ஒட்டினாலே, இரையைவிட 50 மடங்கு குப்பை மணியில் ஏறியிருக்கும்.

அதனால்தான் ஓர் ஆய்வறிக்கையில் 'உணர்திறன் இவ்வளவு' என்று படிக்கும்போது, எதில் அளந்தார்கள் என்பதை முதலில் தேட வேண்டியிருக்கிறது. சுத்தமான பஃபரில் வந்த எண்ணுக்கும் முழு ரத்தத்தில் வரும் எண்ணுக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் இருக்கலாம். பஃபரில் மட்டும் சோதித்த சென்சரை நான் பாதிச் செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பிடித்ததை எண்ணுவது

இதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெரிய லேப்களில் நடப்பது ஒளியை எண்ணுவது. மணியில் பிடிபட்ட இரையின் மேல் இரண்டாவது ஆன்டிபாடி உட்காரும். அதில் ஒளிரும் பொருள் ஒன்று கட்டப்பட்டிருக்கும். ஈசிஎல்ஐஏ முறையில் அது ருத்தேனியம் சேர்மம். மணிகளைக் காந்தம் மின்முனைக்கு இழுக்கும், மற்றவை கழுவப்படும், மின்னழுத்தம் கொடுத்ததும் ருத்தேனியம் ஒளிரும்.

இன்னொரு வழியில் ஒளியே வேண்டாம். மணியின் காந்தத்தையே எண்ணலாம். ஆல்பர் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும் 1988இல் தனித்தனியே கண்டறிந்து 2007இல் நோபல் பெற்ற மாபெரும் காந்தத்தடை விளைவு (காந்தப் புலம் பட்டால் மின்தடை பெரிதும் மாறுவது), ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் நுனியாகப் பரவலானது. 1998இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தினர் அதே வகைச் சில்லை வைத்து, அதன் மேல் ஒட்டிய காந்த மணிகளை எண்ணிக் காட்டினார்கள். கையடக்கக் கருவி என்ற கனவுக்கு இந்த வழி பொருத்தம். சில்லு செய்ய நானோ உற்பத்திக்கூடம் வேண்டும். ஐஐஎஸ்சியின் நானோ அறிவியல் பொறியியல் மையத்தில் அப்படிப்பட்ட தேசிய வசதி ஒன்று இருக்கிறது. ஆனால் சில்லின் மேலும் மேற்சொன்ன நான்கு அடுக்குத் தோலைப் போர்த்தியே ஆக வேண்டும். எண்ணும் கருவி மாறினாலும் தோலின் பிரச்சினை கூடவே வருகிறது.

தோல் பொய் சொல்லும்போது: பயோட்டின் விவகாரம்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகப் பெங்களூரு வந்தவர்கள் பேசிக்கொள்ளும் விஷயங்களில் முடி கொட்டுவது ஒன்று. போர்வெல் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்பது பொது நம்பிக்கை. அது எவ்வளவு சரி என்பது வேறு கட்டுரைக்கானது. அதற்கு மருந்துக்கடையில் எழுதிக்கொடுக்காமலே கிடைப்பது பயோட்டின் மாத்திரை. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் 30 மைக்ரோகிராம் அளவில்தான். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000 முதல் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கும். 10,000 என்றால் தேவையைப் போல 300 மடங்குக்கு மேல். உடலுக்கு இது பெரிய கேடு செய்வதாகத் தெரியவில்லை. கேடு நடப்பது லேபில்.

மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் ரத்தம் எடுத்தால், சீரத்தில் மிதக்கும் பயோட்டின் மணியிலுள்ள ஸ்ட்ரெப்டாவிடின் இடங்களை நிரப்பிவிடும். பயோட்டின் கட்டிய ஆன்டிபாடிக்கு இடமில்லை. அடுத்து நடப்பது பரிசோதனையின் வகையைப் பொறுத்து நேரெதிராக மாறும்.

1. டிஎஸ்ஹெச் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்குச் சாண்ட்விச் முறை: இரை எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஒளி. இரையைப் பிடித்த ஆன்டிபாடி மணியில் ஏற முடியாமல் கழுவப்பட்டால் ஒளி குறையும். முடிவு: உண்மையைவிடக் குறைவு.

2. எஃப்டி3, எஃப்டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள்) போன்ற சின்ன மூலக்கூறுகளுக்குப் போட்டி முறை: இரை அதிகமானால் ஒளி குறையும். இங்கேயும் ஒளி குறைகிறது. கருவி அதை 'இரை அதிகம்' என்று படிக்கிறது. முடிவு: உண்மையைவிட அதிகம்.

டிஎஸ்ஹெச் குறைவு, எஃப்டி4 அதிகம். எந்த மருத்துவரும் இதைப் பார்த்தால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்றுதான் முதலில் நினைப்பார். தைராய்டில் எந்தக் கோளாறும் இல்லாதவருக்கு, உள்ளுக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் ஒரு முழு நோயை இந்த மாத்திரை எழுதிக்கொடுத்துவிடுகிறது. ஒரு எண் மட்டும் பிசகினால் சந்தேகம் வரும். எல்லா எண்ணும் சேர்ந்து ஒரே கதையைச் சொன்னால் யாருக்கும் வராது.

ட்ரோபோனினில் இது உயிர்ப் பிரச்சினை. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அதிக பயோட்டின் எடுத்துக்கொண்ட ஒருவருக்கு ட்ரோபோனின் தவறாகக் குறைவாக வந்து, அவர் இறந்த தகவலும் அதில் இருந்தது. எல்லாக் கருவிகளும் இப்படி ஏமாறுவதில்லை. ஆன்டிபாடியை நேரடியாக மணியில் பிணைத்தவை பாதிக்கப்படுவதில்லை. பயோட்டின் வழியைப் பயன்படுத்திய பல பரிசோதனைகளையும் நிறுவனங்கள் பிறகு திருத்தி அமைத்தன. நோயாளிக்குத் தன் ரத்தம் எந்தக் கருவியில் போகிறது என்று தெரியாது. அதனால் தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கம். மிக அதிக அளவில் எடுப்பவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் அதிக நாள் தேவைப்படலாம். நெஞ்சுவலியோடு அவசரச் சிகிச்சைக்குப் போகும்போது 2 நாள் காத்திருக்க முடியாது. அங்கே மாத்திரை போடுவதைச் சொல்லிவிடுவதே வழி.

கோவிட் காலத்தில் காணாமல் போனதும் இதே தோல்தான்

2020இல் பிசிஆர் பரிசோதனை ஏன் தாமதம் என்று கேட்டபோது 'ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் கிட் இல்லை' என்ற பதில் அடிக்கடி வந்தது. பிசிஆர் மெஷின் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், கிட் இல்லை. அந்தக் கிட்களில் பலவற்றின் உயிர்நாடி சிலிக்கா பூசிய காந்த மணி. குவானிடின் உப்பு மிகுந்த கரைசலில் ஆர்என்ஏ சிலிக்காவோடு ஒட்டும், உப்பு நீங்கிய நீரில் விட்டுவிடும். நெதர்லாந்தின் போம் குழு 1990இல் வெளியிட்ட வழி இது. இங்கே ஆன்டிபாடிகூட வேண்டியதில்லை, வெறும் கண்ணாடித் தோல் போதும். அந்த எளிய தோலுக்கே உலகம் சில உற்பத்தியாளர்களை நம்பியிருந்தது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் காந்த நானோதுகள் வைத்து 'சித்ரா மேக்னா' என்ற கிட்டை உருவாக்கி, 2020 மே மாதத்தில் கொச்சியைச் சேர்ந்த அகாப்பே நிறுவனத்தின் மூலம் சந்தைக்குக் கொண்டுவந்தது அந்தப் பின்னணியில்தான்.

அடுத்த செய்தியைப் படிக்கும்போது

'பெங்களூரு ஆய்வாளர்கள் உருவாக்கிய காந்தத்துகள் பயோசென்சர்' என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், கீழ்க்கண்டவற்றுக்குச் செய்தியில் பதில் இருக்கிறதா என்று தேடலாம்.

1. எதில் சோதித்தார்கள்? பஃபரிலா, நீர்த்த சீரத்திலா, முழு ரத்தத்திலா? சொட்டு ரத்தம் என்று விளம்பரம் செய்துவிட்டுச் சீரத்தில் சோதித்திருந்தால், ரத்த அணுக்களைப் பிரிக்கும் வேலை இன்னும் பாக்கி.

2. எத்தனை பேரின் ரத்தம்? ஒருவர் சீரத்தில் இரையைக் கலந்து 20 முறை அளப்பதும், 20 பேரின் சீரத்தை அளப்பதும் ஒன்றல்ல. தோலை ஏமாற்றும் பொருள்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

3. இரை இல்லாதபோது கருவி என்ன காட்டுகிறது? நல்ல ஆய்வறிக்கையில் வெற்று மாதிரியின் அளவீடும் அதன் ஏற்ற இறக்கமும் கட்டாயம் இருக்கும். உணர்திறனைத் தீர்மானிப்பது உச்ச சமிக்ஞை அல்ல, இந்த வெற்று அளவீடுதான்.

4. உரிமம் எந்த நிலையில் இருக்கிறது? மருத்துவக் கருவிகள் விதிகள் 2017இன் கீழ் நோயறியும் கிட்களும் ஏ முதல் டி வரை ஆபத்தின் அளவுப்படி வகுக்கப்படுகின்றன. ஆய்விதழில் வந்ததும் காப்புரிமை பெற்றதும் இந்த உரிமத்துக்கு ஈடாகா.

5. இரண்டாவது தொகுதி மணிகள் முதல் தொகுதியைப் போலவே வேலை செய்தனவா? செய்திகளில் இதற்குப் பதில் கிடைப்பது அபூர்வம். ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே பல முயற்சிகள் நிற்பது இங்கேதான். 5 மில்லிலிட்டரில் ஒரு மாணவர் கையால் குலுக்கிச் செய்த பூச்சை 5 லிட்டரில் செய்யும்போது கலக்கும் வேகம், ஈடிசி ஊற்றும் நேரம், கழுவும் எண்ணிக்கை எல்லாம் மாறும். ஆன்டிபாடியின் அடர்த்தி மாறினால் கருவியின் அளவுகோலை மறுபடி வரைய வேண்டியிருக்கும். அதன் பிறகு ஆயுள்: ஆன்டிபாடி ஏற்றிய மணிகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறைய விடவே கூடாது. உறைந்தால் பனிப்படிகங்கள் மணிகளை நெருக்கித் திரளவைத்துவிடும். உருகிய பின் எவ்வளவு குலுக்கினாலும் அவை முழுதாகப் பிரியாது. கெம்பேகவுடா விமான நிலையத்தில் வந்திறங்கும் பெட்டியில் குளிர்ப் பைகளோடு புட்டி நேரடியாக ஒட்டிக்கொண்டு வந்தாலே இது நடக்கலாம். அதனால் பெட்டியைத் திறந்ததும் புட்டியைச் சாய்த்து, அடியில் படிந்த பழுப்பு நிறம் ஒரே சீராகக் கலைகிறதா, திட்டுத்திட்டாக நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் ரசீதில் கையெழுத்துப் போடுவது நல்லது.